அப்பத்தா பூ கட்டும்போது ஒரு நல்ல படம்: போனிலேயே எடுப்பது எப்படி?

அப்பத்தா மல்லிகை கட்டும் படங்கள் என் போனில் நிறைய இருக்கின்றன. ஆனால் பார்ப்பவர்கள் விரலை நிறுத்திப் பார்ப்பது ஒரே ஒரு படத்தைத்தான். மற்றவற்றில் டியூப் லைட், காலண்டர், கொடியில் தொங்கும் துண்டு, அப்பத்தா எல்லாம் ஒரே அளவு வெளிச்சத்தில் இருக்கும். கண் எங்கே போவதென்று தெரியாது. அந்த ஒரு படத்தில் வெளிச்சம் விரல்களிலும் பூவிலும் மட்டும் விழுந்திருக்கும். அதை எடுத்த விதத்தைச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் கீரை ஆய்பவர் இருந்தாலும் சரி, இதே முறைதான்.

1. ஆளை வாசல் பக்கம் உட்கார வையுங்கள்

முதலில் வீட்டு விளக்குகளை அணைத்துவிடுங்கள். விளக்கு வெளிச்சமும் பகல் வெளிச்சமும் கலந்தால் தோல் நிறம் பக்கத்துக்குப் பக்கம் மாறித் தெரியும். அப்புறம் நிலைப்படியிலிருந்து இரண்டு மூன்று அடி உள்ளே அவரை உட்கார வையுங்கள். வெயில் நேரே மேலே படக்கூடாது. வாசலைப் பார்த்து உட்கார்ந்தால் முகம் தட்டையாகிவிடும். வாசல் அவருக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும். ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் நிழலும் விழும்போதுதான் கைச் சுருக்கம், நாரின் முறுக்கு, மொட்டின் உருட்சி எல்லாம் எழுந்து வரும். படத்தின் பாதி வேலை இதுதான் என்பேன். அரை அடி நகர்த்தி, சற்றுத் திரும்பச் சொல்லி, அவர் நிமிரும்போது கண்ணில் வாசலின் வெளிச்சப் புள்ளி தெரிகிறதா என்று பாருங்கள். நிதானமாகச் செய்யுங்கள்.

2. பின்னால் இருப்பதை அப்புறப்படுத்துங்கள்

குடம், செருப்பு, சார்ஜர் வயர் எதுவும் வேண்டாம். பின்னால் இருட்டான உள்ளறை இருந்தால் ரொம்ப நல்லது.

3. நீங்களும் தரையில் உட்காருங்கள்

நின்றபடி எடுத்தால் உச்சந்தலைதான் பெரிதாகத் தெரியும். அவர் கை உயரத்துக்குப் போனை இறக்குங்கள். 1x-இல், அதாவது ஜூம் இல்லாமல், மிக நெருங்கிப் போனால் மூக்கும் கையும் பெருத்துக் காட்டும். போனில் 2x ஜூம் இருந்தால் அதை வைத்துக்கொண்டு சற்றுத் தள்ளி உட்காருங்கள்.

4. வெளிச்சத்தைக் குறையுங்கள்

புதிதாக எடுப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான். திரையில் தெரிவதில் பெரும்பகுதி இருட்டாக இருப்பதால், கேமரா மொத்தப் படத்தையும் தானாகப் பிரகாசமாக்கும். மல்லிகை வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். பூவின் மேல் விரலை வைத்துச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். ஃபோகஸ் அங்கேயே நிற்கும். பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள். மொட்டுகளின் ஓரம் தனித்தனியாகத் தெரியும் வரை இழுக்கலாம். இருண்ட இடத்தைப் பிறகு ஓரளவு வெளிச்சமாக்கிவிட முடியும். வெளுத்துப்போன பூவை மீட்க முடியாது.

போர்ட்ரெய்ட் மோட் இங்கே வேண்டாம். தொங்கும் நாரையும் உதிரிப் பூவையும் பின்னணி என்று நினைத்து அது மங்கலாக்கிவிடும்.

5. முடிச்சு இறுகும் வரை காத்திருங்கள்

போனைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லாதீர்கள். கொஞ்ச நேரம் எடுக்காமல் கையை மட்டும் கவனியுங்கள். மொட்டுகளை எதிரெதிராக வைக்கிறார், நாரைச் சுற்றுகிறார், சுண்டி இழுக்கிறார். இழுத்து முடித்த அந்த நொடியில் கை ஒரு கணம் நிற்கும், நார் விறைப்பாக இருக்கும். வீட்டுக்குள் வெளிச்சம் குறைவு என்பதால் ஓடும் கை கலங்கிப் பதிவாகும். நின்ற கைதான் தெளிவாக வரும். ஒரு முழம் கட்டுவதற்குள் இந்த நொடி பல முறை வரும். பழகிவிட்டால் உங்கள் விரல் அந்தத் தாளத்தோடு சேர்ந்துகொள்ளும். என் படம் அப்படித்தான் கிடைத்தது.

6. எடுத்த பிறகு

ஓரத்தில் தேவையில்லாததை வெட்டுங்கள். நிறத்தைக் கூட்டாதீர்கள், மல்லிகையின் வெள்ளையில் மஞ்சளோ நீலமோ ஏறிவிடும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். பிரிண்ட் போட ஸ்டூடியோவுக்கு அனுப்புவதாக இருந்தால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.