வரப்பில் ஓடும் பழைய எக்ஸ்எல்: வீட்டில் கை வைக்கும்போது செய்யக்கூடாதவை

ஆல் டெரெய்ன் வண்டி, அதாவது எந்த நிலத்திலும் ஓடும் வண்டி என்று தனியாக ஒன்றை டெல்டாவில் யாரும் வாங்குவதில்லை, அந்த வேலையை நாற்பது வருஷத்துக்கு மேலாக மொபெட்தான் பார்க்கிறது. 1980-ல் டிவிஎஸ் 50 வந்ததிலிருந்து நாற்றுக்கட்டு, யூரியா மூட்டை, பால் கேன் எல்லாம் வாய்க்கால் கரை வழியாக இதில்தான் போய் வந்தன. அந்த வழியில் வந்த டூ ஸ்ட்ரோக் எக்ஸ்எல் சூப்பர் இன்றைக்கும் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கம் பல கொட்டகைகளில் நிற்கிறது. 69.9 சிசி, ஒற்றை சிலிண்டர், மாற்ற கியர் இல்லை, வால்வும் இல்லை. இதை வீட்டிலேயே பார்க்கலாம் என்று நினைப்பது சரிதான். ஆனால் ஓடி ஓடித் தேய்ந்த வண்டியைவிட, ஸ்பேனரும் சுத்தியலுமாக உட்கார்ந்து கெடுத்த வண்டிதான் என் கண்ணில் அதிகம் படுகிறது.

பெரும்பாலானவர்கள் சறுக்கும் இடம் ஒன்றுதான். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் கார்புரேட்டரைக் கழற்றிவிடுவது. ஏன் என்று கேட்டால் பதில் இருக்காது, கைக்கு எட்டுகிறது, இரண்டு போல்ட்டில் வந்துவிடுகிறது, அவ்வளவுதான். அதற்கு முன்னால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நாலைந்து உதை உதைத்த பிறகும் பிளக் முனை காய்ந்து கிடந்தால் பெட்ரோல் உள்ளே வரவில்லை என்று அர்த்தம். நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் பெட்ரோல் வருகிறது, நெருப்புதான் இல்லை, அல்லது சோக்கைப் போட்டு உதைத்து உதைத்து ஓவர்ஃப்ளோ ஆக்கியிருக்கிறீர்கள். இதைப் பார்க்க இரண்டு நிமிஷம் ஆகுமா? எந்தப் பக்கம் போவது என்று இதிலேயே தெரிந்துவிடும்.

நெருப்பு பார்க்கும்போதும் ஒரு தவறு நடக்கிறது. பிளக்கைக் கேப்போடு கையில் பிடித்துக்கொண்டு உதைப்பார்கள், அல்லது எதிலும் படாமல் தொங்கவிடுவார்கள். பிளக்கின் உலோக உடம்பு இன்ஜின் இரும்பில் நன்றாகப் பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கரண்ட் போக வழி தேடி, பிளக்குக்கு நெருப்பு அனுப்பும் சிடிஐ பெட்டியைப் பதம் பார்க்கும். அதேபோல பிளக் இருந்த ஓட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள், அந்த ஓட்டை வழியாகத்தான் பெட்ரோல் ஆவி வெளியே வருகிறது. தள்ளி வையுங்கள். இருட்டில் டேங்கில் பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று தீக்குச்சி கிழித்துப் பார்க்கிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.

பெட்ரோல் வரவில்லை என்று தெரிந்தாலும் நேராக கார்புரேட்டருக்குப் போகாதீர்கள். டியூபைக் கழற்றி, டேங்க் அடியில் இருக்கும் பெட்ரோல் டேப்பைத் திறந்துவிட்டுப் பாருங்கள். வயலில் புரண்ட வண்டியில் ஒரு வேடிக்கை நடக்கும்: வீட்டில் நன்றாக ஸ்டார்ட் ஆகி, ஒரு கிலோமீட்டர் ஓடி, தானாக நிற்கும். கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி ஓடும். கார்புரேட்டரை மூன்று தடவை கழுவியும் தீராது. விஷயம் டேங்க் மூடியில் இருக்கும். மூடியில் காற்று போக ஒரு சின்ன ஓட்டை உண்டு, அதில் களிமண் காய்ந்து அடைத்திருக்கும். காற்று உள்ளே போகாவிட்டால் பெட்ரோல் கீழே இறங்காது. வண்டி நின்றதும் மூடியைத் திருகினால் ‘உஸ்ஸ்’ என்று சத்தம் கேட்கும், அப்புறம் ஓடும். குண்டூசியால் அந்த ஓட்டையைக் குத்திவிட்டால் வேலை முடிந்தது.

சரி, கார்புரேட்டரைத் திறந்தே ஆக வேண்டும் என்றால், குண்டூசியை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். ஜெட்டில், அதாவது பெட்ரோலை அளவாக விடும் சின்ன ஓட்டைத் துண்டில், கம்பி விடுகிற பழக்கம் ஊருக்கு ஊர் இருக்கிறது. ஜெட் பித்தளை, கம்பி எஃகு. ஒரு தடவை விட்டால் ஓட்டை மயிரிழை பெரிதாகும், பெட்ரோல் கூடப் போகும், பிளக் கறுக்கும், மைலேஜ் விழும், அப்புறம் ‘டூப்ளிகேட் பெட்ரோல் போட்டுட்டான்’ என்று பங்க்காரரைத் திட்டுவோம். பெட்ரோலில் ஊறப்போட்டு, பஞ்சர் கடையில் காற்றடித்து வாங்குங்கள். அடைப்பு பிடிவாதமாக இருந்தால் மெல்லிய தூண்டில் நரம்பு ஒன்று போதும்.

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம், டெல்டாவில் இதுதான் பெரிய பாடு. ஐப்பசி கார்த்திகையில் வாய்க்கால் உடைந்து ரோடும் வயலும் ஒன்றாகும்போது வண்டி சைலன்சர் முங்க நிற்கும். வெளியே இழுத்ததும் எல்லோரும் செய்வது கிக்கரை ஓங்கி உதைப்பது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் காற்றைப் போல அது அமுங்காது. பிஸ்டன் மேலே வந்து தண்ணீரில் மோதும், கனெக்டிங் ராட் வளையலாம். தள்ளி ஸ்டார்ட் பண்ணுவது இன்னும் மோசம், அதில் வேகமும் சேர்ந்துகொள்கிறது. முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். கழற்றிய நிலையில் மெதுவாகக் கிக்கரை அழுத்துங்கள், தண்ணீர் ஓட்டை வழியாகப் பீய்ச்சும். வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி சைலன்சர் தண்ணீரை வடியுங்கள். கார்புரேட்டர் அடிக்கிண்ணத்தைத் திறந்து கொட்டுங்கள், அடியில் தண்ணீர் முத்து முத்தாக உருளும். ஏர் ஃபில்டரைப் பிழிந்து காய வையுங்கள். பிளக் ஓட்டையில் கொஞ்சம் 2டி ஆயில் (பெட்ரோலோடு கலக்கும் டூ ஸ்ட்ரோக் ஆயில்) விட்டு இரண்டு சுற்று சுற்றிய பிறகுதான் பிளக்கை மாட்ட வேண்டும். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க், அதாவது பிஸ்டன் சுற்றிவிடும் தண்டு, அதன் பேரிங்குக்கு உயவு பெட்ரோலோடு வரும் ஆயில் மட்டும்தான். தண்ணீர் பட்டதை அப்படியே கொட்டகையில் விட்டுவிட்டுப் பொங்கலுக்கு வந்து பார்த்தால் துரு பிடித்து ஜாம் ஆகியிருக்கும்.

இப்போது பங்க்கில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், ஓரளவுக்கு மேல் போனால் தண்ணீரும் எத்தனாலும் பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்க் அடியில் தங்கிவிடும். மழைக்காலத்தில் மாதக்கணக்கில் நிறுத்தப்போகிறீர்கள் என்றால் டேங்கையும் கிண்ணத்தையும் காலி செய்துவிடுங்கள். பழைய ரப்பர் டியூபும் வாஷரும் இதில் உப்பிப்போவதுண்டு, விரலால் அழுத்திப் பார்த்து, பிசுபிசுத்தால் மாற்றிவிடுங்கள். சின்னச் செலவு.

ஆயில் கலப்பதில் இரண்டு கட்சி. ஒரு கட்சி ‘இன்ஜின் நல்லா இருக்கட்டும்’ என்று தாராளமாக ஊற்றும், இன்னொரு கட்சி சிக்கனம் பார்க்கும். எக்ஸ்எல் சூப்பருக்குப் பொதுவான கணக்கு லிட்டருக்கு 20 மில்லி 2டி ஆயில். அதைவிடப் பழைய வண்டிகளில் கணக்கு மாறும், வண்டியோடு வந்த புத்தகத்தில் இருப்பதையே வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தால் பிஸ்டன் பிடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். கூடினால் பிளக்கும் சைலன்சரும் கரி கட்டும். டிராக்டருக்கு வாங்கிய இன்ஜின் ஆயில் மிச்சம் இருக்கிறதே என்று அதைக் கலப்பவர்களும் இருக்கிறார்கள், அது எரிந்து போவதற்குச் செய்த ஆயில் இல்லை, சாம்பலைத்தான் விட்டுப்போகும். இன்னொரு கூத்து, 2015-ல் வந்த எக்ஸ்எல் 100 ஃபோர் ஸ்ட்ரோக். அதன் டேங்கில் 2டி ஆயில் ஊற்றவே கூடாது, இன்ஜினுக்குள் தனியாக ஆயில் இருக்கிறது. அப்பா வண்டியும் மகன் வண்டியும் ஒரே கொட்டகையில் நிற்கிற வீட்டில் இந்தக் குழப்பம் சுலபமாக வரும்.

இழுவை குறைந்தது என்றால் போர் (சிலிண்டரின் உள்சுவர்) தேய்ந்துபோய்விட்டது என்று முடிவு கட்டுவது அடுத்த தவறு. முதலில் சைலன்சரைப் பாருங்கள். கரி அடைத்த சைலன்சரோடு எந்த டூ ஸ்ட்ரோக்கும் மூச்சு விட முடியாது. கடைசி முனையில் இருக்கும் உள்குழாயை இழுத்துச் சுரண்டினாலே பல வண்டிகள் பழைய சுறுசுறுப்புக்கு வந்துவிடும். சிலிண்டர் வாயிலும் கரி படியும், மரக்குச்சியால் சுரண்டுங்கள், ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். காஸ்டிக் சோடா கரைசலை அலுமினியப் பாகம் பக்கம் கொண்டு போகவே போகாதீர்கள், கரியோடு அலுமினியத்தையும் தின்றுவிடும்.

ஐடிலிங் தானாக ஏறுகிறது, ஆக்சிலேட்டரை விட்டாலும் கத்திக்கொண்டே இருக்கிறது என்றால் ஸ்க்ரூவைத் திருகித் திருகி அடக்கப் பார்க்காதீர்கள். ஆக்சிலேட்டர் கேபிள் சிக்கவில்லை என்று உறுதியானதும், கிராங்க் ஆயில் சீல், கார்புரேட்டர் கேஸ்கட் பக்கம் சந்தேகப்படுங்கள். வெளிக்காற்று உள்ளே புகுந்து கலவை மெலிந்துபோகிறது. அப்படியே ஓட்டினால் பிளக் முனை வெளுக்கும், அடுத்தது பிஸ்டன். அறுவடை சமயத்தில் தூசியில் அடைக்கிறதே என்று ஏர் ஃபில்டரைக் கழற்றி வீசிவிட்டு ஓட்டினாலும் இதே கதைதான், கூடவே தூசி ரிங்கைத் தேய்க்கும்.

கிராங்க் முனையில் சுற்றி கரண்ட் தரும் மேக்னட்டைக் கழற்றுவதில்தான் மிக அதிகமான அநியாயம் நடக்கிறது. அதை இழுத்து எடுக்க புல்லர் என்ற கருவி இருக்கிறது, விலையும் அதிகமில்லை. அதை வாங்காமல் கிராங்க் முனையில் சுத்தியலால் தட்டினால் மரை நசுங்கும், அதோடு போகாது. கிராங்க் என்பது இரண்டு பாதிகளை அழுத்திப் பொருத்தியது, தட்டினால் அது கோணிக்கொள்ளும். அதன் பிறகு வண்டி ஏன் நடுங்குகிறது என்று வீல் பேரிங்கை மாற்றிக்கொண்டிருப்பீர்கள். நட்டைக் கழற்றும்போது இன்ஜின் சுற்றாமல் இருக்க பிளக் ஓட்டையில் ஸ்க்ரூடிரைவரை விடுவதும் அப்படித்தான், பிஸ்டன் தலை ஓட்டையாகிவிடும். நைலான் கயிற்றைக் கொஞ்சம் உள்ளே விட்டு, ஒரு முனையை வெளியே வைத்துக்கொள்ளுங்கள், அது பிஸ்டனை நிறுத்திவிடும். பிளக்கைத் திரும்ப மாட்டும்போது முதலில் விரலால் மட்டும் திருகுங்கள், ஹெட் அலுமினியம், மரை ஏறுமாறாகப் போனால் ஸ்பேனர் பலத்துக்கு அது தாங்காது.

கடற்கரைப் பக்கம், வேதாரண்யம் உப்பளத்து ரோட்டில் ஓடும் வண்டிகளுக்கு வேறு ஒரு தொல்லை: ஒயர் முனைகளும் எர்த்தும் பச்சை பூத்துவிடும். டேப் சுற்றி மூடினால் பூப்பு உள்ளேயே வளரும். சுரண்டி, பளபளவென்று ஆக்கி, லேசாகக் கிரீஸ் தடவுங்கள். செயினுக்கு மட்டும் அந்தக் கிரீஸும் கழிவு ஆயிலும் வேண்டாம், அதில் சேறு ஒட்டி ஸ்ப்ராக்கெட்டை அரைக்கும்.

ரிங் மாற்றுவதை வீட்டில் செய்யலாம், ஒரு நிபந்தனையோடு. டூ ஸ்ட்ரோக் பிஸ்டனில் ரிங் போகும் பள்ளத்தில் ஒரு சின்ன ஊசி நிற்கும், ரிங்கின் இரண்டு முனைகளும் அந்த ஊசியில்தான் வந்து சேர வேண்டும். கவனிக்காமல் சிலிண்டரைத் தள்ளி இறக்கினால் ரிங் முறியும், அல்லது ஓடும்போது முனை சிலிண்டர் சுவரில் இருக்கும் போர்ட்டில் (வாயில்) மாட்டி உடையும். பிஸ்டன் தலையில் அம்புக்குறி இருந்தால் அது சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும்.

சிலிண்டரில் நகத்தில் தட்டுப்படும் அளவு கோடு விழுந்திருந்தால் லேத்துக்குத்தான். அங்கேயும் அவசரப்பட்டு முதலில் போர் பண்ணிவிட்டு (சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கிவிட்டு), அப்புறம் அந்த அளவுக்கு பிஸ்டன் தேடி தஞ்சாவூர், கும்பகோணம் என்று அலைகிறவர்கள் உண்டு. பழைய வண்டி, எல்லா ஓவர்சைஸ் (பெரிய அளவு) பிஸ்டனும் எப்போதும் கிடைக்காது. முதலில் பிஸ்டனை வாங்குங்கள், அதையும் சிலிண்டரோடு லேத்தில் கொடுத்து, அதை அளந்து அதற்கேற்ற இடைவெளி விட்டு போர் பண்ணச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து மாட்டியதும் மூட்டை ஏற்றாமல், முழு ஆக்சிலேட்டர் கொடுக்காமல், நடுநடுவே ஆறவிட்டு ஓட்டுங்கள், கொள்முதல் நிலையத்துக்கு நெல் மூட்டை கொண்டு போக அந்த வாரம் மட்டும் பக்கத்து வீட்டு வண்டியைக் கேளுங்கள்.