குழந்தைகளின் வயிற்றுப்போக்கைக் குறைக்க வாட்ஸ்அப் குரல் செய்தி: தோட்டங்களில் தொடங்கும் முறை

மலேசியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 21.8 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்று 2019 தேசிய சுகாதார ஆய்வு காட்டியது. சத்துக் குறைவோடு, அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கும் இதற்கு ஒரு காரணம். பசி போய்விடும், தின்றதும் உடம்பில் ஒட்டாது. டாக்காவில் வயிற்றுப்போக்கு நோயாளிகளின் குடும்பங்களுக்கு மருத்துவமனையிலேயே விளக்கம் தந்து, பிறகு ஓராண்டு குரல் செய்தியும் குறுஞ்செய்தியும் அனுப்பினார்கள். வயிற்றுப்போக்கும் குறைந்தது, வளர்ச்சிக் குறைவும் குறைந்தது. பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் போன்ற தோட்ட நகரில் இதைச் சிறிய அளவில் யாரும் தொடங்கலாம்.

முதல் வேலை, தாய்மாரின் வாட்ஸ்அப் எண்கள். லயம் லயமாக, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, நேரில் போய் வாங்குங்கள். அம்மா ரப்பர் பால் வெட்டவோ பேக்டரி பஸ்ஸுக்கோ கிளம்பிவிட்டால் சோறு ஊட்டுவது பாட்டிதான், அவர் எண்ணும் வேண்டும். பிள்ளை பிறந்த மாதத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்குத் தாய்ப்பால் மட்டும்தான். “தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடுங்கள்” என்ற செய்தி அந்த வீட்டுக்குப் போகக்கூடாது.

குரூப் வேண்டாம். காலை வணக்கப் படங்களில் செய்தி புதைந்துவிடும். பிள்ளைக்கு வயிற்றால் போவதைப் பத்துப் பேர் முன்னால் சொல்லவும் கூசுவார்கள். பிராட்காஸ்ட் பட்டியல் போடுங்கள், ஒரே செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். உங்கள் எண்ணைத் தன் போனில் சேமிக்காதவருக்கு அது போய்ச் சேராது. பலர் தடுக்கி விழுவது இங்கேதான். அங்கேயே சேமிக்க வைத்து, ஒரு செய்தி அனுப்பிப் பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.

அடுத்து ஒலிப்பதிவு. மலாய்ப் பள்ளியில் படித்த தாய்மாருக்குத் தமிழ் வாசிப்பது சிரமமாக இருக்கலாம், கேட்டால் புரியும். ஒரு நிமிடத்துக்குள், ஒரே ஒரு வேலை:

“தங்கச்சி, இன்னிக்கு ஒரு வேலைதான்மா. பிள்ளைக்குச் சோறு ஊட்டுற இடத்துக்குப் பக்கத்துல சவர்க்காரம் வைங்க. ஊட்டுறதுக்கு முன்னாடி உங்க கையையும் பிள்ளை கையையும் இருபது எண்ணுற வரைக்கும் தேய்ச்சுக் கழுவுங்க. வெச்சதும் ஒரு படம் அனுப்புங்க.”

கட்டிச் சவர்க்காரம் கரைந்துபோகிறது என்பார்கள். 1.5 லிட்டர் பாட்டில் தண்ணீரில் 30 கிராம் சலவைத்தூள் கலந்து, மூடியில் துளையிட்டு வைக்கச் சொல்லுங்கள். கைகழுவ அது போதும். பிள்ளைகள் குடித்துவிடாதபடி மேலே மாட்ட வேண்டும்.

வாரம் ஒன்றிரண்டு செய்தி போதும். இரவுச் சாப்பாட்டுக்குச் சற்று முன் அனுப்புங்கள். கேட்டதைக் கையோடு செய்ய முடியும்.

வயிற்றுப்போக்கில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். தூள் பற்றி மட்டும் பலமுறை பேசுங்கள், தவறு அதிகம் நடப்பது அதில்தான். பொட்டலத்தில் எழுதியுள்ள அளவுத் தண்ணீரையே ஊற்ற வேண்டும். சிலது 200 மில்லி, சிலது 250, சிலது ஒரு லிட்டர். தண்ணீர் குறைந்தால் உப்பு கூடிப்போகும். அரைப் பொட்டலம் கலப்பதும் கூடாது. ஒவ்வொரு முறை தண்ணீராகப் போன பிறகும், இரண்டு வயதுக்குக் கீழ் 50 முதல் 100 மில்லி, மேல் 100 முதல் 200 மில்லி, கரண்டி கரண்டியாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மெதுவாகத் தொடரலாம். 24 மணி நேரம் கழித்து மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். டின்னில் விற்கும் ஐசோடானிக் பானம் இதற்கு ஈடாகாது: சர்க்கரை அதிகம், உப்பு குறைவு, வயிற்றுப்போக்கு இன்னும் கூடலாம். தாய்ப்பாலையும் சோற்றையும் நிறுத்தவே கூடாது. பட்டினி போட்டால்தான் வளர்ச்சி நிற்கும்.

மலத்தில் இரத்தம், குழிந்த கண், ஆறு மணி நேரம் சிறுநீர் இல்லாமை, எதையும் குடிக்க முடியாத சோர்வு ஆகியவற்றைத் தனிச் செய்தியாக மாதம் ஒருமுறை அனுப்புங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் பதிலுக்குக் காத்திராமல் கிளினிக்குக்குப் போகச் சொல்லுங்கள்.

பிள்ளையின் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தில் உள்ள உயர வரைபடத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு வயதுக்குக் கீழ் படுக்கவைத்து அளக்க வேண்டும். நிற்கவைத்தால் சுமார் 0.7 செ.மீ குறைவாக வரும். பிரிபெய்டு எண்கள் அடிக்கடி மாறும், அதனால் செய்தி கேட்காத வீட்டுக்கு மாதக் கடைசியில் ஒருமுறை நேரில் போய் வாருங்கள்.