குட்டி எந்த இனம், எவ்வளவு வளரும்? பெங்களூரில் நாய் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாடகை வீட்டில் சின்ன நாய்க்குத்தான் அனுமதி என்பதால் ‘பாம்’ (பொமரேனியன்) கேட்டு வாங்குபவர்கள் பெங்களூரில் நிறைய. நம் ஊரில் பாம் என்று கைமாறுவது பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ். அசல் பொமரேனியன் வளர்ந்தாலும் 3.5 கிலோவைத் தாண்டுவது அரிது. ஸ்பிட்ஸில் சிறியது 5 முதல் 7 கிலோ வரை இருக்கும், பெரியது 12 கிலோவுக்கு மேல் போகும். குட்டியாக இருக்கும்போது மூன்றுமே ஒரே வெள்ளைப் பஞ்சுதான். ஆகவே பெயரைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள், தாய் நாயின் எடையைக் கேளுங்கள்.

விற்பவரின் சொற்களை அப்படியே நம்புவது அடுத்த தவறு. ‘டபுள் போன்’ என்று ஓர் எலும்பு வகை கிடையாது. லேப்ரடாருக்கும் ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் இயல்பிலேயே இரட்டை அடுக்கு முடிதான், அதனால் ‘டபுள் கோட்’ என்று கூடுதல் விலை கேட்பதற்குப் பொருளில்லை. மிகச் சின்ன நாய் என்று சொல்லி விற்கும் ‘டீகப்’பும் ஓர் இனமல்ல. வளர்ச்சி குன்றிய குட்டிக்கும், வயது நிரம்பாத குட்டிக்கும் அந்தப் பெயரை ஒட்டிவிடுவார்கள்.

8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகள் சொல்கின்றன. வாயைத் திறந்து பாருங்கள். 8 வாரக் குட்டிக்கு 28 பால்பற்களும் ஏறக்குறைய வந்திருக்கும். பக்கவாட்டில் வெறும் ஈறுதான் தெரிகிறது என்றால் வயதைக் கூட்டிச் சொல்கிறார்கள். வயது பிசகினால் பிறகு போடும் எடைக் கணக்கு அத்தனையும் பிசகும்.

தடுப்பூசி அட்டையை இனச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதில் ‘இனம்’ என்ற இடத்தில் பெரும்பாலும் உரிமையாளர் சொன்னதையே எழுதுவார்கள். இன நாய்களைப் பதிவு செய்யும் அமைப்பான கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் பதிவுச் சான்று வேறு. அதில் பெற்றோர் விவரமும் மைக்ரோசிப் எண்ணும் இருக்கும். சிப்பைத் தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் வைப்பார்கள். பணம் கொடுக்கும் முன் ஒரு கால்நடை மருத்துவரிடம் ஸ்கேன் செய்து, 15 இலக்கமும் சான்றோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். தாயை நேரில் காட்டச் சொல்லுங்கள். பால் கொடுக்கும் நாய் என்பது மடியைப் பார்த்தாலே தெரியும். தகப்பன் விஷயத்தில் கைபேசிப் படம் எதையும் நிரூபிக்காது. ஒரே ஈத்துக் குட்டிகளுக்கு வெவ்வேறு தகப்பன்கள் இருப்பதும் சாத்தியம்.

ஊரிலிருந்து ராஜபாளையம் குட்டி வரவழைப்பவர்கள் வெள்ளை நிறத்தையும் ரோஸ் மூக்கையும் பார்த்துத் திருப்திப்படுகிறார்கள். தெரு நாய்க் குட்டிக்கும் இவை இரண்டும் அமையலாம். பெற்றோரின் தோள் உயரத்தை அளந்து அனுப்பச் சொல்லுங்கள். ஆண் என்றால் 65 செ.மீ.க்குக் குறையக் கூடாது.

பாதம் பெரிதாக இருந்தால் நாயும் பெரிதாகும் என்ற நம்பிக்கையை விட்டுவிடலாம். நீலக் கண்ணும் ஹஸ்கிக்கு அடையாளமல்ல, சின்னக் குட்டிகள் எல்லாவற்றுக்கும் கண் நீலம் கலந்துதான் இருக்கும். கருப்பு உடலில் பழுப்புப் புள்ளி இருந்தால் ராட்வைலர் என்பதும் அப்படித்தான்.

எடைதான் ஓரளவு நம்பத்தக்கது. வாரம் ஒருமுறை, காலையில் தீனி வைக்கும் முன், குட்டியைத் தூக்கிக்கொண்டு எடை இயந்திரத்தில் நின்று உங்கள் எடையைக் கழியுங்கள். நடுத்தர நாய் 4 மாதத்தில் தன் முழு எடையில் பாதியைத் தொடும். அப்போது 9 கிலோ என்றால் 18 கிலோவை ஒட்டி நிற்கும். சின்ன இனங்கள் பாதியை அதற்கு முன்பே எட்டிவிடும், கிரேட் டேன் போன்றவற்றுக்கு 5 மாதமோ அதற்கு மேலுமோ ஆகும். எடையை வார வயதால் வகுத்து 52-ஆல் பெருக்கும் கணக்கு பலரிடம் புழங்குகிறது. அது வளர்ச்சி ஆண்டு முழுக்க ஒரே வேகத்தில் போகும் என்று வைத்துக்கொள்வதால் சின்ன நாயின் எடையைக் கூட்டிக் காட்டும். ஒரே ஒரு அளவை வைத்தும் கணிக்காதீர்கள். வயிற்றில் பூச்சி இருக்கும் குட்டி உப்பித் தெரியும், வளர்ச்சியோ பின்தங்கியிருக்கும். பூச்சி மருந்து கொடுத்த பிறகு நாலைந்து வாரப் போக்கைப் பாருங்கள். வால்தம் என்ற செல்லப்பிராணி ஆய்வு நிறுவனத்தின் வளர்ச்சி வரைபடங்கள் 12 வாரத்திலிருந்து ஆண், பெண் தனித்தனியாகக் கிடைக்கின்றன. அதில் புள்ளி வைத்து வந்தால் இன்னும் தெளிவு.

இனம் தெரியாத நிலையில் அதிகம் கெடுப்பது கால்சியம் சிரப். பெரிதாக வளரட்டும் என்று ஊற்றுகிறார்கள். சுமார் 6 மாதம் வரை குட்டியின் குடலால் மிஞ்சிய கால்சியத்தைத் தடுக்க முடியாது. பெரிய இனமாக இருந்தால் கால் வளைவதும் மூட்டு கெடுவதும் இதனால் நேரலாம். அளவு தெரியும்வரை, பெரிய இனக் குட்டிகளின் வளர்ச்சிக்கும் ஏற்றது என்று பாக்கெட்டில் போட்டிருக்கும் முழுமையான தீனியை வாங்குங்கள். குட்டி சின்ன இனமாக அமைந்தாலும் அதனால் கெடுதல் இல்லை. அந்தத் தீனி கொடுக்கும்போது சிரப் தேவையே இல்லை. வெறும் சோறும் கோழிக்கறியும் போடுகிற வீட்டில் நிலைமை நேர்மாறு, அங்கே கால்சியம் பற்றாது. அளவை மருத்துவரிடம் கேட்டே கொடுக்க வேண்டும்.

டி.என்.ஏ. சோதனை செய்வதானால் தாயிடம் பால் குடித்த உடனே கன்னத்தில் பஞ்சுக்குச்சி போடாதீர்கள், தாயின் செல்களும் ஒட்டிக்கொண்டு வரும். தனியாக வைத்து, சாப்பிட்டு அரை மணியாவது கழித்து மாதிரி எடுங்கள். நம் நாட்டு நாய்களின் மாதிரி குறைவாக உள்ள நிறுவனத்துக்கு அனுப்பினால், சிப்பிப்பாறைக் குட்டிக்குக்கூட ஏதோ வெளிநாட்டு வேட்டை நாயின் பெயர் வந்து சேரலாம். அவர்களின் பட்டியலில் என்னென்ன இந்திய இனங்கள் இருக்கின்றன என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.