பித்தளை அண்டாவைப் பரணிலிருந்து இறக்கும் முன்

ராமநாதபுரம் கடலோரத்தில் கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம் பக்கம் பெயர்சூட்டு, காதுகுத்து என்று வந்தால், வீட்டிலேயே ஆக்கிப்போட வேண்டும் என்று இளையவர்கள் ஆசைப்படுகிறார்கள். பரணில் கிடந்த பித்தளையும் பீங்கானும் கீழே இறங்குகின்றன. எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். ஆனால் ஒத்தாசைக்குப் போகும் வீடுகளில் எல்லாம், எங்கள் காலத்தில் நாங்கள் செய்த அதே தவறுகளைத்தான் பார்க்கிறேன். உப்பு கூடுவது, சோறு குழைவது எல்லாம் கை பழகினால் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

அண்டாவின் உள்பக்கத்தைத் தேய்த்து மின்ன வைப்பது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் பொறுக்காது. கடல் காற்றில் பித்தளை சீக்கிரம் கறுத்துவிடும். அதனால் விசேஷத்துக்கு முதல் நாள் புளியும் சாம்பலுமாக உட்கார்ந்துவிடுகிறார்கள். வெளிப்பக்கத்தை எவ்வளவு வேண்டுமானாலும் தேயுங்கள். உள்ளே மங்கலாக, வெள்ளையாகத் தெரிவது அழுக்கு இல்லை, வெள்ளீயப்பூச்சு. அதைக் கம்பி நாரால் சுரண்டி மஞ்சளாக்கிவிட்டால், சாப்பாட்டுக்கும் பித்தளைக்கும் நடுவே இருந்த ஒரே மறைப்பும் போய்விடும். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. புளி, தயிர், எலுமிச்சை, தக்காளி எது பட்டாலும் செம்பு கரைந்து சாப்பாட்டில் இறங்கும். அதைச் சாப்பிட்டால் வாந்தியும் வயிற்றுவலியும்தான்.

உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்து ஒன்றில் காலையிலேயே சீலா மீன் குழம்பு ஆக்கி, பார்க்க அழகாக இருக்கட்டும் என்று தேய்த்த அண்டாவில் மாற்றி வைத்திருந்தார்கள். பந்தி போடும் நேரம் நான்தான் மூடியைத் திறந்தேன். குழம்பு மட்டத்துக்குச் சற்று மேலே, உள்பக்கத்தைச் சுற்றிலும் பச்சைக் கோடு. கரண்டி நுனியில் தொட்டுப் பார்த்தால், பழைய செப்புக்காசை வாயில் போட்ட மாதிரி நாக்கில் ஒரு களிம்பு ருசி.

"மாமி, மேலாப்புல எடுத்துக் கொட்டிட்டு மிச்சத்தைப் பரிமாறிடலாமே" என்றாள் அந்த வீட்டு மருமகள்.

"சின்னப் பிள்ளைங்க சாப்பிடுற பந்திம்மா. ஒரு கரண்டி போடக் கூடாது" என்று சொல்லிவிட்டேன்.

அத்தனை சீலாவையும் குழி வெட்டிக் கொட்டினோம். வந்தவர்கள் பருப்புத் தால்ச்சாவை ஊற்றிச் சாப்பிட்டுப் போனார்கள். மீன் விலை ஒரு பக்கம். விடிய விடிய நின்று ஆக்கிய அந்தப் பெண்ணின் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை.

அண்டாவை இறக்கியதும் உள்பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். கரண்டி உரசும் அடிப்பாகத்தில்தான் பூச்சு முதலில் போகும். மஞ்சள் திட்டு தெரிந்தால் ஈயம் பூசுகிறவரிடம் கொடுங்கள். கரிநெருப்பில் பாத்திரத்தைச் சுட்டு, நவச்சார உப்பு தூவி, ஈயத்தை இழுத்து, துணியால் சுழற்றித் துடைப்பார். பக்கத்தில் நின்று பாருங்கள். சுத்த வெள்ளீயம்தானா என்று கேளுங்கள். விலை குறைவு என்று காரீயம் கலந்தால் அது செம்பைவிடக் கெடுதல். பூசியபின் மர அகப்பையால் கிண்டுங்கள், வெறும் அண்டாவை அடுப்பில் காயவிடாதீர்கள். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும்.

பூச நேரம் இல்லையா? பித்தளைத் தாம்பாளத்தில் பூவும் பழமும் வெற்றிலையும் வையுங்கள். குழம்பு மண்சட்டியிலேயே இருக்கட்டும். பந்திக்கு அதுவும் அழகுதான்.

கிணற்றுத் தண்ணீரில் பருப்பு

நம் கடலோரக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு லேசில் வேகாது. தால்ச்சாவுக்குப் பருப்பு ஊறப்போடவும் வேகவைக்கவும் இரண்டு குடம் நல்ல தண்ணீரைத் தனியாக எடுத்து வையுங்கள். பித்தளையையும் கடைசியில் ஒருமுறை நல்ல தண்ணீரில் அலசி, உடனே துடைத்துவிடுங்கள்.

மீன்பிடித் தடைக்காலத்தில் சீலாவை நம்புவது

வருஷாவருஷம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகு கடலுக்குப் போகாது. கறிக்கு மாறிக்கொள்ளுங்கள்.

தங்க விளிம்புப் பீங்கான்

மைக்ரோவேவில் வைக்கவே கூடாது.

தொதலை அன்றைக்கே கிண்டுவது

கீழக்கரைத் தொதல் என்ற இனிப்புக்கு அவசரம் ஆகாது. தேங்காய்ப்பாலும் மாவும் கருப்பட்டியும் சேர்ந்து, எண்ணெய் கக்கி, சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும் வரை ஆள் மாற்றி ஆள் கிண்ட வேண்டும். விசேஷத்தன்று அதற்கு ஆள் ஏது? முதல் நாளே முடித்துவிடுங்கள். கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டாமல் ஊற்றினால் மண் கடிபடும். சூட்டோடு மூடி வைத்தால் வேர்த்துவிடும், அப்புறம் பூஞ்சணம் பிடிக்கும். வந்தவர்களுக்கு ஓலைக் கொட்டானில் வைத்துக் கொடுப்பதாக இருந்தால், கொட்டானை முந்தின நாள் வெயிலில் போட்டு எடுத்து, உள்ளே வாழையிலை விரியுங்கள். இலையை நெருப்பில் வாட்டிக்கொள்ள வேண்டும். வாட்டாத இலை மடிக்கும்போதே கிழிந்து, தொதல் ஓலையில் ஒட்டிக்கொள்ளும்.