வெளிநாட்டில் மாதக்கணக்கில் தங்கப் போகிறீர்களா? எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது

பத்து நாள் சுற்றுலாவில் ஏதாவது விட்டுப்போனால் சமாளித்துக்கொண்டு திரும்பிவிடலாம். ஆறு மாதம், ஒரு வருடம் என்று தங்கும்போது அது நடக்காது. வீடு, வங்கி, மருத்துவர், வரி என்று எல்லாமே இன்னொரு தடவை தொடங்க வேண்டியிருக்கும். முதல்முறை போகிறவர்கள் பலரும் பெட்டியில் என்ன வைப்பது என்ற யோசனையிலேயே வாரங்களைக் கழிக்கிறார்கள். துணியும் பாத்திரமும் எந்த நாட்டிலும் கிடைக்கும். கிளம்பும் முன் மட்டுமே செய்ய முடிகிற வேலைகள்தான் முக்கியம். அதற்கு அடுத்து, இறங்கிய பிறகு மட்டுமே செய்ய முடிகிறவை. இந்த இரண்டையும் தனித்தனியாக எழுதிக்கொண்டு உட்காருங்கள். கீழே உள்ள வரிசையும் அந்தக் கணக்கில்தான் போகிறது.

படி 1: நாட்களை எண்ணுங்கள்

விசா செல்லுபடியாகும் காலம் வேறு, தங்க அனுமதிக்கும் காலம் வேறு. கையில் ஒரு வருட விசா இருக்கும், ஆனால் ஒருமுறை நுழைந்தால் 30 நாளோ 90 நாளோதான் இருக்கலாம் என்று அதிலேயே போட்டிருக்கும். எத்தனை தடவை நுழையலாம் என்பதையும் பாருங்கள். ஒற்றை நுழைவு விசாவை வைத்துக்கொண்டு பக்கத்து நாட்டைப் பார்த்துவரக் கிளம்பினால், அதே விசாவில் திரும்ப உள்ளே வர முடியாது.

ஐரோப்பாவின் ஷெங்கன் பகுதிக்குக் குறுகிய கால விசாவில் போகிறவர்களைக் குழப்புவது 90/180 விதி. அதில் உள்ள 29 நாடுகளுக்கும் சேர்த்து ஒரே கணக்கு. எந்த ஒரு நாளை எடுத்துக்கொண்டாலும், அந்த நாளையும் சேர்த்துப் பின்னோக்கி 180 நாட்களில் நீங்கள் உள்ளே இருந்தது 90 நாளைத் தாண்டக் கூடாது. நுழைந்த நாளும் வெளியேறிய நாளும் கணக்கில் வரும். மார்ச் 1 அன்று போய் ஏப்ரல் 29 அன்று கிளம்பினால் 60 நாள். ஜூலை 1 அன்று மறுபடி போனால் மிச்சம் 30 நாள்தான், ஜூலை 30 அன்று வெளியேறியாக வேண்டும். மார்ச் 1 கணக்கிலிருந்து உதிர்வது ஆகஸ்ட் 28 அன்று. அன்று முதல் ஒவ்வொரு நாளாகத் திரும்பக் கிடைக்கும். ‘ஒருநாள் வெளியே போய் வந்தால் கணக்கு புதிதாகத் தொடங்கிவிடும்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக அங்கே நுழைவையும் வெளியேற்றத்தையும் கைரேகை, முகப்படத்தோடு கணினியில் பதியத் தொடங்கிவிட்டார்கள். அதிகாரி முத்திரை தேடிப் பக்கம் புரட்டுவார் என்ற நம்பிக்கையும் இனி உதவாது.

அதற்கு மேல் தங்க வேண்டுமென்றால் அந்தந்த நாட்டின் நீண்டகால விசாவே வழி. மடிக்கணினியில் வேறு நாட்டு நிறுவனத்துக்கு வேலை பார்க்கிறவர்களும் சுற்றுலா விசாவில் அதைச் செய்யலாமா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பல நாடுகள் அனுமதிப்பதில்லை. இதற்கென்றே எஸ்டோனியா 2020-இலும் ஸ்பெயின் 2023-இலும் தனி விசா கொண்டுவந்தன.

பாஸ்போர்ட்டையும் இப்போதே எடுத்துப் பாருங்கள். பல நாடுகள் ஆறு மாத ஆயுள் மிச்சம் இருக்க வேண்டும் என்கின்றன. ஷெங்கனுக்கு, வெளியேறும் தேதிக்குப் பிறகு மூன்று மாதம் இருக்க வேண்டும், பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கியதாகவும் இருக்க வேண்டும். தங்கும் காலத்தின் நடுவில் காலாவதியாகும் என்று தெரிந்தால் புதுப்பித்துவிட்டே கிளம்புங்கள். தூதரகத்தில் புதுப்பிக்கலாம்தான். ஆனால் பழைய எண்ணில் கொடுத்த குடியிருப்பு அனுமதி, வங்கிப் பதிவு எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டு அலைய வேண்டும்.

படி 2: காகிதங்கள்

என்னைக் கேட்டால் மொத்தத் திட்டத்திலும் அதிக நேரம் பிடிப்பது இதுதான், அதிகம் அலட்சியப்படுத்துவதும் இதைத்தான். பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பட்டங்கள் ஆகியவற்றை வேறு நாட்டு அலுவலகம் ஏற்க வேண்டுமென்றால் அவற்றில் அப்போஸ்டில் என்ற அரசுச் சான்றொப்ப முத்திரை கேட்பார்கள். 1961-இன் ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கிடையே இந்த ஒரு முத்திரை போதும். சீனா 2023 நவம்பரிலும் கனடா 2024 ஜனவரியிலும்தான் இதற்குள் வந்தன, ஆகவே பழைய வழிகாட்டிகளில் இந்த இரண்டு நாடுகளுக்கும் எழுதியிருக்கும் நடைமுறை இப்போது பொருந்தாது. உடன்படிக்கையில் இல்லாத நாடு என்றால் தூதரகச் சான்றொப்பம் வரை படிப்படியாகப் போக வேண்டும்.

இந்த முத்திரையைப் போடுவது சான்றிதழ் வழங்கப்பட்ட நாடு. அயல்நாட்டில் உட்கார்ந்துகொண்டு வாங்க நினைத்தால் அசலை யார் கையிலாவது கொடுத்தனுப்ப வேண்டிவரும். முத்திரை வாங்கிய பிறகு மொழிபெயர்ப்பு. வரிசையை மாற்றிச் செய்தால் முத்திரையில் உள்ளதை மொழிபெயர்க்கவில்லை என்று திருப்பி அனுப்பக்கூடும். சில நாடுகள் தங்கள் நாட்டில் பதிவான மொழிபெயர்ப்பாளர் செய்ததைத்தான் ஏற்கும், அதனால் கேட்டுவிட்டுக் காசைச் செலவிடுங்கள்.

காவல்துறை நற்சான்று மட்டும் தலைகீழ். மூன்று மாதத்துக்குள், அல்லது ஆறு மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும் என்று கேட்பது வழக்கம். சீக்கிரமே வாங்கி வைத்தால் தேவைப்படும்போது பழையதாகிவிடும்.

எல்லாக் காகிதங்களிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஒன்றில் முதலெழுத்து, இன்னொன்றில் அதன் விரிவு, மூன்றாவதில் வரிசை மாறி என்று இருந்தால், மூன்றும் ஒரே ஆள்தான் என்பதை நிரூபிக்க இன்னொரு காகிதம் தேடவேண்டும்.

படி 3: மருந்தும் காப்பீடும்

தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்தப் பகுதியை இரண்டு தடவை படியுங்கள். ஒரு நாட்டில் மருந்துக்கடையில் சாதாரணமாகக் கிடைப்பது இன்னொரு நாட்டில் குற்றமாக இருக்கலாம். ஜப்பானுக்குள், கவனக்குறைபாட்டுக்குத் தரும் ஆம்ஃபெட்டமின் உள்ள மருந்தை மருத்துவர் சீட்டு இருந்தாலும் கொண்டுபோக முடியாது. சளி மருந்துகளில் வரும் சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தாலும் அப்படித்தான். தடையில்லாத மருந்துகளிலும், மருத்துவர் சீட்டில் வாங்குபவற்றை ஒரு மாத அளவுக்கு மேல் கொண்டுபோக முன்கூட்டியே இறக்குமதிச் சான்று வாங்க வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் கோடீன், டிராமடால் போன்ற வலிநிவாரணிகள் கட்டுப்பாட்டில் உள்ளவை, அனுமதி பெற்றுத்தான் கொண்டுபோகலாம்.

மருந்தின் வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். சீட்டில் மூலப்பொருளின் பெயரையும் அளவையும் எழுதித் தரச் சொல்லுங்கள். மாத்திரைகள் அசல் அட்டையிலேயே, கைப்பையில் இருக்கட்டும். பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டால் மருந்தும் அதோடு போய்விடும். கண்ணாடியின் பவர் சீட்டையும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

பயணக் காப்பீடும் மருத்துவக் காப்பீடும் ஒன்றல்ல. முன்னது விபத்து, திடீர் நோய் போன்ற அவசரங்களுக்கு. தொடர் சிகிச்சை, ஏற்கெனவே உள்ள நோய், சாதாரண மருத்துவர் சந்திப்பு இவற்றை அது பெரும்பாலும் கவனிக்காது. ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கான காப்பு கேட்கிறார்கள், ஆனால் அது விசா வாங்குவதற்கான அளவு. மாதக்கணக்கில் வாழ்வதற்கு அது போதுமா என்பது தனிக் கேள்வி. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி தேவைப்படும் நாடு என்றால் பயணத்துக்கு 10 நாள் முன்பாவது போட்டிருக்க வேண்டும். 2016 ஜூலை முதல் அந்தச் சான்றிதழ் வாழ்நாள் முழுக்கச் செல்லும்.

நாயோ பூனையோ கூட வருகிறதா? அப்படியானால் இதுதான் உங்கள் முதல் படி. ஜப்பானுக்கு, வெறிநாய்க்கடி நோய் இல்லாதவை என்று அது ஏற்றுக்கொண்ட ஒருசில இடங்களைத் தவிர, மற்ற நாடுகளிலிருந்து கொண்டுபோவதென்றால் மைக்ரோசிப், இரண்டு தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை, அதன் பிறகு 180 நாள் காத்திருப்பு. உங்கள் விசா அதற்குள் வந்துவிடும்.

படி 4: பணம், போன், ஓடிபி

இந்த மூன்றும் ஒன்றோடொன்று பின்னியவை. வங்கியின் ஓடிபி பழைய எண்ணுக்குத்தான் வரும். அந்த எண் செத்துவிட்டால், பணம் கணக்கில் இருந்தும் கையில் இல்லை. ஆகவே பழைய சிம்மை உயிரோடு வைத்திருக்க என்ன ரீசார்ஜ் தேவை, அயல்நாட்டில் குறுஞ்செய்தி வருமா என்று கிளம்பும் முன்பே உறுதி செய்யுங்கள். மின்னஞ்சல் போன்ற கணக்குகளை, உள்நுழைவுக் குறியீட்டைப் போனிலேயே உருவாக்கித் தரும் அத்தென்டிகேட்டர் செயலிக்கு மாற்றி, மீட்புக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். போன் தொலைந்தால் கைகொடுப்பது அந்தக் காகிதம்தான்.

கார்டு இரண்டு வேண்டும், இரண்டும் வெவ்வேறு வங்கியிலிருந்து, வெவ்வேறு பையில். கடையிலோ ஏடிஎம்மிலோ ‘உங்கள் நாட்டுப் பணத்திலேயே கழித்துக்கொள்ளட்டுமா’ என்று திரை கேட்டால் வேண்டாம் என்றே அழுத்துங்கள். அந்த மாற்று விகிதம் பெரும்பாலும் மோசமாகவே இருக்கும். உள்ளூர்ப் பணத்தைத் தேர்ந்தெடுத்தால் கார்டு நிறுவனத்தின் விகிதம் கிடைக்கும்.

கொண்டுபோகிற போனைப் பற்றியும் ஒரு வார்த்தை. துருக்கியில் வெளிநாட்டில் வாங்கிய போனை உள்ளூர் சிம்மோடு பயன்படுத்தினால், பதிவு செய்து கட்டணம் கட்டாவிட்டால் 120 நாளில் முடக்கிவிடுவார்கள்.

வரி: 183 நாள் என்ற எண்ணை எல்லோரும் சொல்வார்கள். பல நாடுகளில் ஒரு வருடத்தில் தங்கிய நாட்கள் அதைத் தொட்டால் நீங்கள் வரிக்கு உட்பட்ட குடியிருப்பாளர். அதற்குக் குறைந்தால் கவலையே இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பிரிட்டனில் வீடு, குடும்பம், வேலை போன்ற தொடர்புகள் இருந்தால் அதைவிட மிகக் குறைந்த நாட்களிலேயே குடியிருப்பாளர் ஆகிவிடலாம். இரண்டு நாடுகளுக்கும் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் உள்ளதா என்று கிளம்பும் முன் ஒரு கணக்காளரிடம் கேட்டுவிடுங்கள்.

படி 5: வீடும் முகவரியும்

படம் பார்த்து ஒரு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். நேரில் பார்க்காத வீட்டுக்கு முன்பணம் அனுப்பவே அனுப்பாதீர்கள், வாடகை மோசடிகள் பலவும் அங்கேதான் நடக்கின்றன. முதல் சில வாரங்களுக்குத் தற்காலிக இடம் எடுங்கள். ஆனால் அதை எடுக்கும்போதே ஒன்று கேளுங்கள்: அந்த முகவரியை அரசு அலுவலகத்தில் பதிய முடியுமா?

ஏன் என்றால், வீட்டுக்காரர் வங்கிக் கணக்கு கேட்பார், வங்கி முகவரிப் பதிவு கேட்கும், பதிவுக்கு வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்கிற கதைதான். இந்தச் சுழலை உடைக்கும் இடம் முகவரிப் பதிவு. ஜெர்மனியில் குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் பதிய வேண்டும், வீட்டுக்காரரின் உறுதிக் கடிதம் கட்டாயம். வரி எண் வருவதே அதற்குப் பிறகுதான். ஜப்பானிலும் முகவரி முடிவான 14 நாளுக்குள் நகராட்சி அலுவலகத்தில் சொல்ல வேண்டும். தாய்லாந்தில் 90 நாளைத் தாண்டித் தங்குகிறவர்கள் ஒவ்வொரு 90 நாளுக்கும் ஒருமுறை முகவரியைத் தெரிவிக்க வேண்டும்.

விளம்பரத்தில் உள்ள வாடகையில் எதெல்லாம் அடக்கம் என்பதும் நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியில் ‘குளிர் வாடகை’ என்றால் வெப்பமூட்டும் செலவு சேராதது. அங்கே பல வீடுகள் சமையலறைச் சாமான் ஒன்றுமே இல்லாமல், வெறும் குழாய் இணைப்போடுதான் வரும்! சாவி வாங்கிய அன்றே ஒவ்வொரு அறையையும், கீறல் விரிசல் உட்பட, தேதியோடு படமெடுத்து வீட்டுக்காரருக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

படி 6: வண்டியும் மின்சாரமும்

சர்வதேச ஓட்டுநர் அனுமதியை உங்கள் உரிமம் வழங்கிய நாட்டில்தான் வாங்க முடியும், அசல் உரிமத்தோடு சேர்த்துக் காட்டினால்தான் செல்லும். 1949 சாலைப் போக்குவரத்து உடன்படிக்கைப்படி வழங்கியது ஒரு வருடத்துக்கு, 1968 சாலைப் போக்குவரத்து உடன்படிக்கைப்படி வழங்கியது அதிகபட்சம் மூன்று வருடத்துக்கு. ஜப்பான் 1949 வகையைத்தான் ஏற்கும், சீனா இரண்டையும் ஏற்காது. குடியேறியவர்கள் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு உள்ளூர் உரிமம் எடுத்தாக வேண்டும்: ஜெர்மனியில் ஆறு மாதம், பிரிட்டனில் பன்னிரண்டு.

பிளக் வகைகள் உலகில் 15. அடாப்டர் பிளக்கின் வடிவத்தை மட்டுமே மாற்றும், மின்னழுத்தத்தை மாற்றாது. ஜப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120, ஐரோப்பாவில் 230. சார்ஜரின் அடியில் ‘100–240’ என்று இருந்தால் எங்கும் போடலாம். முடி உலர்த்தி, கெட்டில் போன்றவற்றில் பெரும்பாலும் அப்படி இருக்காது, அவற்றை விட்டுவிட்டுப் போங்கள்.

படி 7: இறங்கிய வாரம், கிளம்பும் மாதம்

இறங்கியதும் முதலில் உள்ளூர் சிம், அடுத்தது முகவரிப் பதிவு, அதைக் காட்டி வங்கிக் கணக்கு, பிறகு மற்றவை. நுழைவின்போது அதிகாரி கொடுத்த தேதி நீங்கள் நினைத்த தேதிதானா என்பதை அங்கேயே நின்று பாருங்கள். தவறு இருந்தால் திருத்துவது அந்த இடத்தில்தான் சுலபம்.

வீட்டைக் காலி செய்ய எத்தனை மாத முன்னறிவிப்பு என்று ஒப்பந்தத்தில் இருக்கும், அதை நாள்காட்டியில் குறித்துவிடுங்கள். பதிவை நீக்குவது, காப்பீடு, இணைய இணைப்பு இவற்றை முடித்துக்கொண்டு வரலாம். வங்கிக் கணக்கை மட்டும் கடைசிவரை மூடாதீர்கள். வீட்டு முன்பணமும் வரியில் வர வேண்டிய மிச்சமும் நீங்கள் ஊர் திரும்பி மாதங்கள் கழித்துக்கூட அந்தக் கணக்குக்குத்தான் வரும்.