பூங்காவில் சோதனைக்குழி: புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

நியூயார்க் பூங்காக்களில், மண்ணுக்கடியில் பழைய தடயம் இருக்கிறதா என்று பார்க்கச் சின்னச் சின்னச் சோதனைக்குழிகள் தோண்டும் தொல்லியல் கள ஆய்வுக்கு வரும் புதியவர்கள், நாங்கள் சறுக்கிய அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். பையில் எண் எழுத மறப்பதெல்லாம் சின்ன விஷயம், தானாகச் சரியாகிவிடும்.

கொட்டிய மண்ணோடு நிறுத்திவிடுவது

இன்னும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். பூங்கா என்றாலே இயற்கை நிலம் என்று நினைத்துவிடுகிறார்கள். மன்ஹாட்டனின் வடமுனையில் உள்ள இன்வுட் ஹில் பூங்காவின் குன்றில், இந்த நிலத்தின் பூர்வகுடிகளான லெனாப்பே மக்களின் முன்னோர் தங்கிய பாறைக் குடைவுகளை 1890களில் அலெக்சாண்டர் செனோவெத் தோண்டினார். அங்கே பழைய தரை மேலேயே இருந்தது. தண்ணீரை ஒட்டிய சமதளங்கள் அப்படியல்ல. மண் கொட்டி மேடாக்கியவை ஏராளம்.

ஒரு ஆற்றங்கரைப் பூங்காவில் எங்களுக்கு முன்பு வந்த குழு முழங்கால் ஆழம் தோண்டியது. இறுகிய மஞ்சள் களிமண் தட்டியதும் ‘இயற்கை அடிமண், ஒன்றும் இல்லை’ என்று எழுதிவிட்டுக் கிளம்பியது. அந்த அறிக்கையை நம்பிக் குழாய்க்குப் பள்ளம் எடுத்தார்கள். இயந்திரம் அள்ளிய மண்ணில் நெருப்பில் வெடித்த கற்களும், கல் கருவி செய்யும்போது தெறித்த கல் செதில்களும் வந்தன. கீழே ஒரு பழங்கால அடுப்பு இருந்திருக்கிறது; நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அதில் பாதி போய்விட்டது. அந்தக் களிமண் லாரியில் வந்தது!

களிமண்ணுக்குள் ஒரு செங்கல் துணுக்கோ நிலக்கரிக் கசடோ தென்பட்டால் அது கொட்டியதுதான். கைத்துளைப்பானை இறக்குங்கள், மண்வெட்டி எட்டாத ஆழத்துக்கு அது போகும். அடியிலிருந்து கறுத்த மண் ஏறி வந்தால், ஒருகாலத்தில் புல் முளைத்த தரையாக இருக்கலாம். அப்புறம், பழைய வரைபடத்தின் உயரங்களை இன்றைய உயரங்களோடு ஒப்பிட ஒரு மத்தியானம் போதும். அந்த வேலைதான் யாருக்கும் பிடிப்பதில்லை.

சிப்பியைக் கண்டதும் குதிப்பது

சிப்பி ஓடு கிடைத்தாலே பூர்வகுடிகள் தின்று போட்டது என்று முடிவு கட்டாதீர்கள். 19ஆம் நூற்றாண்டு நியூயார்க்காரர்களும் சிப்பியைத் தின்று தீர்த்தவர்கள்தான். கூடவே கல் செதிலோ பானை ஓடோ கிடக்கிறதா, மண் கலையாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரே சல்லடை

சல்லடையின் கால் அங்குலக் கண் வழியாகச் சின்னச் செதில்கள் நழுவிவிடும். சில குழிகளின் மண்ணையாவது எட்டில் ஒரு அங்குலக் கண்ணில் சலியுங்கள்.

வெறுங்குழி

ஒன்றும் கிடைக்காத குழியையும் பதியுங்கள், ஆழத்தோடு.

குழியைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போவது

கூடாது.

மனித எலும்பு போலத் தெரிந்தால்

கையை எடுங்கள். போட்டோ எடுத்து யாருக்கும் அனுப்பாதீர்கள். முதலில் காவல்துறைக்குத் தகவல். எலும்பு பழையது என்று உறுதியானால் லெனாப்பே வழித்தோன்றல்களிடம் பேச வேண்டும். அதுவரை அந்தக் குழியில் வேலை இல்லை.