ஃபைபர் பாடியில் ஹெட்லைட்: அளவைச் சேசிஸிலிருந்து எடுங்கள்

பழைய மாடலைப் போலவே செய்த ரெப்ளிகா வண்டிக்கு ஹெட்லைட் பொருத்த வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, பாடியை நம்பி அளவு எடுக்காதீர்கள் என்பதுதான். கண்ணாடி இழையும் ரெசின் என்ற பிசினும் சேர்ந்த ஃபைபர் பாடி, அச்சிலிருந்து வெளியே வரும்போதே கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். இடது மட்கார்டும் வலது மட்கார்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், டேப் வைத்தால் இருக்காது. மட்கார்டின் விளிம்பிலிருந்து அளந்து வெட்டினால் வண்டிக்கு மாறுகண் வந்துவிடும்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, டயர் காற்றைச் சரிபாருங்கள். சேசிஸின் முன்னாலும் பின்னாலும் நடு இடத்தில் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் குறித்து, இரண்டு குறிகளையும் நூலால் இணையுங்கள். அதுதான் உங்கள் நடுக்கோடு. இரண்டு விளக்கின் மையமும் அந்த நூலிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். உயரத்துக்குக் கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூப் போதும், லேசர் தேவையில்லை.

மட்கார்டு சரிவாக இருப்பதால் துளை வட்டமாக வராது, முட்டை வடிவம்தான் வரும். டூமின், அதாவது விளக்கு உட்காரும் கிண்ணத்தின், பின்பக்க அளவுக்கு ஓர் அட்டை வட்டம் வெட்டி, நடுவில் ஒரு கம்பியை அட்டைக்குச் செங்குத்தாகச் செருகுங்கள். கம்பி நடுக்கோட்டுக்கு இணையாகவும் தரைக்குச் சமமாகவும் இருக்கும்படி பிடித்துக்கொண்டு, அட்டையின் விளிம்பை பாடிமேல் பென்சிலால் இறக்குங்கள். இந்த வேலைக்கு அரை நாள் போனாலும் பரவாயில்லை. வெட்டியபின் திருத்துவதற்கு அதைவிட அதிக நாள் பிடிக்கும்.

விளக்கு என்றால் என் தேர்வு அம்பாசடரின் 7 அங்குல வட்ட விளக்குதான். சென்னைப் புதுப்பேட்டையில் பழைய டூம் வாங்கினால் முதுகைத் திருப்பித் துரு பாருங்கள். புதிது வேண்டுமானால் ஜி.பி. ரோடு. அமெரிக்காவிலிருந்து வரவழைத்த செட் வேண்டாம். அங்கே சாலையின் வலது பக்கம் ஓட்டுகிறார்கள், அந்தக் கண்ணாடியின் டிப் (தாழ்த்திய) வெளிச்சம் வலது பக்கமாக எழும்பும். இங்கே அது எதிரே வருகிறவர் கண்ணில் போய் விழும்.

வெட்டும் இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, கோட்டுக்கு உள்ளே 5 மி.மீ. விட்டு, நுண்பல் பிளேடால் ஜிக்சா ஓட்டுங்கள். மீதியை அரத்தால் தேயுங்கள். கண்ணாடித் தூள் நுரையீரலுக்குள் போகக் கூடாது, நல்ல மாஸ்க்கும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம்.

வெறும் ஃபைபரில் திருகு முடுக்காதீர்கள். பின்னால் 12 மி.மீ. மரைன் பிளைவுட் வளையம் வைத்து, கண்ணாடி இழை மேட்டும் ரெசினும் போட்டு ஒட்டுங்கள். சென்னை வெயிலில் ரெசின் சீக்கிரம் இறுகிவிடும், அதனால் காலையிலேயே கலக்கி, கேட்டலிஸ்ட்டை (ரெசினை இறுகவைக்கும் திரவம்) ஒரு சதவீதத்தோடு நிறுத்துங்கள். இறுகலை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியாக ஒருபோதும் கலக்காதீர்கள், வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, அப்புறம்தான் கேட்டலிஸ்ட். கடல் காற்றுக்குத் திருகெல்லாம் ஸ்டெயின்லெஸ், கீழே அகல வாஷர். டூமின் அடியில் தண்ணீர் வடிய ஒரு சிறு ஓட்டை.

அடுத்து எர்த். இரும்பு வண்டியில் பாடியே எர்த், மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி. ஃபைபரில் மின்சாரம் ஓடாது, ஒவ்வொரு விளக்கிலிருந்தும் சேசிஸுக்குத் தனி வயர் போக வேண்டும். சேசிஸில் பெயின்டைச் சுரண்டி, நட்சத்திர வாஷர் போட்டு முடுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். ஹைபீம் போட்டதும் பார்க்கிங் லைட் மங்கலாக எரிந்தால் எர்த் சரியில்லை என்று அர்த்தம். பல்பை மாற்றிப் பயனில்லை.

60 வாட் பல்பு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும், இரண்டுக்கும் 10. இதைப் பழைய ஸ்விட்ச் வழியாக விடாமல் ஹைபீமுக்கும் டிப்புக்கும் தனித்தனி ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் ஸ்விட்ச்) போடுங்கள். ரிலேயின் முனைகளில் 30 என்ற எண் உள்ளது பேட்டரிக்கு, 87 விளக்குக்கு, 86 ஸ்விட்சிலிருந்து, 85 எர்த். வயர் 2.5 சதுர மி.மீ. இடது வலது விளக்குகளுக்கும் தனித்தனி ஃபியூஸ் வையுங்கள். இரவில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒன்று போனாலும் இன்னொன்று வீடு கொண்டுவந்து சேர்க்கும்.

கடைசியாக, ஓட்டுநர் சீட்டில் ஒருவரை உட்காரவைத்து, வண்டியைச் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். டிப் வெளிச்சத்தின் மேல்விளிம்பு விளக்கின் மைய உயரத்துக்கு 10 செ.மீ. கீழே விழும்படி திருகுங்கள். வண்டியைத் தாங்கும் புது சஸ்பென்ஷன் ஸ்பிரிங் சில வாரத்தில் அமரும், அப்போது இதே சுவரில் இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.